கடாரம் கொண்டவர் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியுமா?



விடுமுறை முடிந்து வரும் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்வது என் வழக்கம். இம்முறை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், லங்காவியில் தந்தையோடு ஜெட் ஸ்கீயில் தீவுக்குச் சென்றதை எழுதியிருந்தான். 'பாதி வழி நானே ஓட்டினேன்' என்ற வரியில் என் சிவப்பு மை நின்றுவிட்டது. அவனை அழைத்து, "உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது ஐயா. ஆனால், ஜாக்கெட் போட்டிருந்தேன்" என்றான்.

அச்சுற்றுலாவை நானும் அறிவேன். வழிகாட்டி முன்னே செல்ல, மற்றவர்கள் வரிசையாகத் திறந்த கடலைக் கடந்து டாயாங் பூந்திங் தீவை அடைவார்கள். கடலுக்கு வெகு அருகிலேயே நன்னீர் ஏரி கொண்ட அத்தீவின் அழகை நான் மறுக்கவில்லை. என் சினம் சுற்றுலாவின் மீதன்று, நம் மீதுதான்.

பள்ளிச் சுற்றுலா என்றால் எத்தனை கேள்விகள் கேட்கிறோம்! எத்தனை ஆசிரியர்கள் வருகிறார்கள்? காப்புறுதி உண்டா? கடற்கரை என்றதும் ஒப்புதல் படிவத்தைத் திருப்பியனுப்பும் பெற்றோரும் உண்டு. ஆனால், விடுமுறையில் கடற்கரை மேசையில் நீட்டப்படும் 'எது நேர்ந்தாலும் எங்கள் பொறுப்பன்று' என்னும் தாளில், ஒரு வரியும் படியாமல் அதே கை கையொப்பம் இடுகிறது. இது என்ன நியாயம்?

அந்த வண்டியைப் பற்றி நாம் அறிந்தது என்ன? அது அடிப்புறத்தில் நீரை உறிஞ்சிப் பின்புறம் பீய்ச்சி ஓடுகிறது. பீய்ச்சும் நீரின் திசையை மாற்றித்தான் அது திரும்புகிறது. முடுக்கியை விட்டுவிட்டால் நீர் பீய்ச்சுவது குறையும். கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி ஏறத்தாழ நேராகவே சறுக்கிச் செல்லும். முன்னே செல்பவர் திடீரென நின்றால் பயந்துபோன சிறுவன் என்ன செய்வான்? முடுக்கியைத்தான் விடுவான்! இத்தகைய வண்டிகளைச் செய்யும் நிறுவனங்களே, ஓட்டுபவருக்குக் குறைந்தது 16 வயது வேண்டும் என்று எச்சரிக்கின்றன. நம் பிள்ளைக்கோ வயது பதினொன்று!

"வழிகாட்டி இருக்கிறாரே" என்பீர்கள். அவர் முன்னே செல்கிறார். இயந்திர இரைச்சலில், கடைசி வண்டியிலிருந்து விழுந்தவரின் குரல் அவருக்குக் கேட்குமா? "உயிர்காப்பு அங்கி இருக்கிறதே" என்பீர்கள். அது மிதக்க வைக்கும், அவ்வளவுதான். அலை முகத்தில் அறையும்போது மூச்சை அடக்கவோ, காற்றில் விலகிப் போகும் வண்டியை நீந்திப் பிடித்துப் பின்புறமாக ஏறவோ அது கற்றுத் தராது.

"பிள்ளைகளுக்குத் துணிவு வளர வேண்டாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கட்டாயம் வளர வேண்டும். ஆனால், அறியாமையைத் துணிவு என்று அழைக்காதீர்கள்.

லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கெடாவே நாம் போற்றும் கடாரம். 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் வந்ததைப் பேச்சுப் போட்டிதோறும் முழங்க வைக்கிறோம். முழங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இடுப்பளவு நீரைத் தாண்டியிருக்கிறார்கள்?

அண்டை நாடான சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டு 'சுவிம்சேஃபர்' என்னும் நீர்ப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. நீச்சலோடு, நீரில் தன்னைக் காத்துக்கொள்ளும் முறையும் அதில் கற்பிக்கப்படுகிறது. நாம் டியூஷனுக்கு மாதந்தோறும் ரிங்கிட்டை எண்ணிக் கொடுக்கிறோம். நீச்சல் வகுப்பு என்றால் மட்டும் 'செலவு', 'கறுத்துவிடுவான்' என்கிறோம். பெண்பிள்ளை என்றால் பேச்சே இல்லை!

ஆசிரியர்களாகிய நாமும் குற்றவாளிகளே. நீரைக் கண்டு அஞ்சி, புறப்பாட நடவடிக்கைகளைத் திடலோடு முடித்துக்கொள்கிறோம். பள்ளியில் குளம் இல்லாவிட்டால் என்ன? பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால், அருகிலுள்ள பொதுக் குளத்தில் வாரம் ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்ய முடியாதா? வரும் கூட்டத்தில் இதனை முன்மொழியப் போகிறேன். உங்கள் பள்ளியிலும் யாரேனும் ஒருவர் எழுந்து கேளுங்கள்.

அதுவரை பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: 16 வயது நிரம்பாத பிள்ளையின் கையில் அந்த முடுக்கியைக் கொடுக்காதீர்கள். நீந்தத் தெரியாத பிள்ளையைத் தீவுக்குப் படகில் அழைத்துச் செல்லுங்கள். ஏரியின் அழகு அதனால் குறைந்துவிடாது.