கூரையிலே குடியிருக்கும் கூற்றுவன்!

நெருப்புக்கு அஞ்சாதது, மழைக்கு மக்காதது, விலையோ மலிவு என்று புகழ்பாடித்தான் கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாசை, ஏழையின் வீட்டுக்குள்ளே அழைத்து வந்தனர் வணிகக் கோமான்கள். கூரையாக வந்தது, குழாயாக வந்தது, பழைய இஸ்திரிப் பெட்டிகளிலே சூடு தாங்கும் அட்டையாக ஒளிந்து வந்தது, பள்ளிச் சோதனைச் சாலையின் கம்பிவலை நடுவிலே வெள்ளை வட்டமாகவும் வந்தது. வந்த விருந்தாளி இன்று வீட்டுக்காரனின் நுரையீரலையே கேட்கிறான்!

கண்ணுக்குத் தெரியாத இழை அது. மூச்சோடு உள்ளே போனால், கரைவதில்லை, வெளியேறுவதுமில்லை. 20, 30, 40 ஆண்டுகள் கழித்து நுரையீரல் இறுகும், அல்லது புற்றுநோயாகப் பிடிக்கும். அதற்குள் ஆலை கைமாறியிருக்கும், முதலாளி மாறியிருப்பார், மடிபவன் மட்டும் அதே தொழிலாளி!

புதிய கண்டுபிடிப்பா இது? இல்லை, தோழர்களே! இங்கிலாந்திலே, ராச்டேல் நகரிலே, கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண், 1924லே, 33 வயதிலே மாண்டார். மருத்துவ ஏடு அதை அப்போதே எழுதிற்று. வேலை வாங்கிய நிறுவனமோ இழப்பீடு தர மறுத்தது.

டில்லிக்குத் தெரியாதா? தெரியும்! 1986லேயே புதிய சுரங்கக் குத்தகைகளை நிறுத்தியதே! நம் மண்ணிலே தோண்டினால் நஞ்சு, ரஷ்யாவிலிருந்து கப்பலேறி வந்தால் அமுதமா? ஐரோப்பிய ஒன்றியம் 2005லே தடுத்தது. தோண்டித் தோண்டி உலகுக்கு விற்ற கனடாவே 2018லே தடுத்தது. அமெரிக்கா 2024லே வெள்ளைக் கல்நாருக்குத் தடை போட்டது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் காத்திடுக என்று 1995லே நம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எத்தனை ஆலைகளிலே அந்த ஏடு இருக்கிறது? காட்டட்டுமே!

கூரையை இன்றே பிடுங்கி எறியுங்கள் என்று கூறோம். பிடுங்கிவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு எங்கே படுப்பது? உடையாத தகட்டிலே ஆபத்து குறைவு. அறுப்பது, துளையிடுவது, உடைப்பது, உதிர்ந்த தூளை உலரப் பெருக்குவது — இவற்றிலேதான் ஆபத்து. தூளை நீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியோடு பையிலே கட்டுங்கள். வாயிலே துண்டு கட்டினால் போதும் என்பது ஏமாற்று. துணியின் கண்ணிலே புகுந்துவிடும் இழை அது. வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். துவைத்த மனைவிமார்களும் நோயுற்றிருக்கிறார்கள்.

உடைந்த தகட்டை எங்கே கொட்டுவது, மாற்றுக் கூரைக்குப் பணம் யார் தருவது? நகராட்சி மன்றங்களிலே அமர்ந்திருக்கும் நம் தோழர்கள் இந்த இரண்டையும் அடுத்த கூட்டத்திலேயே கேட்கட்டும்.