சொல் ஒன்று, பொருள் பல: சீசன்

ஆங்கிலச் சொற்கள் சில நம் இல்லங்களுக்குள் விருந்தாளியாக நுழைந்து, நாளடைவில் வீட்டுக்காரராகவே மாறிவிட்டன. பஸ், டிக்கெட், டாக்டர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றுள் தென்காசி வட்டாரத்தில் தனிச் செல்வாக்குடன் வாழும் சொல் 'சீசன்'.

ஆனி மாதம் பிறந்துவிட்டால் போதும். வெளியூரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் உறவினர் ஸலாம் சொல்லி நலம் விசாரித்ததும் அடுத்துக் கேட்பது, "மச்சான், சீசன் எப்படி?" என்பதுதான். எதனுடைய சீசன் என்று இங்கே யாரும் திருப்பிக் கேட்பதில்லை. குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் விழுகிறதா, சாரல் அடிக்கிறதா, வெயில் தணிந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஆங்கிலத்தில் இச்சொல் வெகுதூரம் கிளை பரப்பியிருக்கிறது. ஆண்டைப் பிரிக்கும் பருவம் ஒவ்வொன்றும் சீசன். கிரிக்கெட் பந்தயங்கள் நடைபெறும் மாதங்களும் சீசன். நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் செல்வோர் மாதக் கணக்கில் எடுக்கும் பயணச்சீட்டு, சீசன் டிக்கெட். தொலைக்காட்சித் தொடரின் அடுத்த பாகத்தைக்கூட இரண்டாம் சீசன் என்கிறார்கள். அனுபவத்தில் பழுத்த அரசியல்வாதிக்கு அடைமொழியாகவும் இச்சொல்லின் ஒரு வடிவம் பயன்படுகிறது.

அடுக்களையிலும் அதற்கு வேலை உண்டு. உப்பும் மிளகும் சேர்த்து உணவுக்குச் சுவையூட்டுவது சீசன் செய்வதாகும். புதிய இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்குவதற்கும் அதே சொல்தான்.

செங்கோட்டைக்கு அருகே பிரானூர்ப் பகுதியில் மரம் அறுக்கும் ஆலைகள் பல இருக்கின்றன. அத்தொழிலில் 'சீசன் செய்த மரம்' என்றால், ஈரம் வற்றும்வரை உலர்த்திப் பதப்படுத்திய மரம் என்று பொருள். பச்சை மரத்தில் நிலையும் கதவும் செய்தால், பின்னாளில் அவை நெளியும், வெடிக்கும், மூட வராது. மரத்துக்குக் காத்திருப்பு தேவை. காலம் செய்ய வேண்டிய வேலையை அவசரம் செய்துவிட முடியாது.

இத்தனை பொருள்களுக்கும் வேர் எங்கே இருக்கிறது? இலத்தீன் மொழியில் விதைப்பைக் குறித்த சொல் ஒன்று, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சீசன் ஆயிற்று. முதலில் விதைப்பு, பின்பு விதைப்பதற்கு உரிய காலம், அதன்பின் எதற்கும் உரிய காலம் என்று அது விரிந்தது. காலத்தால் கனிவதைக் குறித்த பிரெஞ்சு வழக்கிலிருந்து, சுவையூட்டுதல், பதப்படுத்துதல் என்னும் பொருள்கள் கிளைத்தன. நம் தமிழில் பருவம், பதம், பக்குவம் என்று தனித்தனியே நிற்கும் கருத்துகளை அந்த ஒரு சொல் சுமந்துகொண்டிருக்கிறது.

இனி அரபு மொழிக்கு வருவோம். பருவத்துக்கு அம்மொழியில் 'மவ்ஸிம்' என்று பெயர். ஹஜ்ஜுடைய காலத்தையும் மவ்ஸிம் என்றே குறிப்பிடுவர். காற்றை நம்பிப் பாய்மரம் விரித்த அரபு மாலுமிகளுக்கு மவ்ஸிம் உயிர்நாடியாக இருந்தது. அதைத் தவறவிட்ட கப்பல், காற்று மீண்டும் திசை மாறும்வரை பல மாதங்கள் துறைமுகத்திலேயே காத்துக் கிடக்க வேண்டும். காயல்பட்டினக் கரைக்கு அரபு நாட்டு வணிகர்களைக் கொண்டுவந்ததும் இந்தப் பருவக்காற்றுதான். மவ்ஸிம் என்ற அச்சொல்லைப் போர்த்துக்கீசியர் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்க, அதிலிருந்து ஆங்கிலத்தின் 'மான்சூன்' பிறந்தது. உருது மொழியில் வானிலையைக் குறிக்கும் 'மௌஸம்' அதன் உடன்பிறப்பு. மலாய் மொழியின் 'மூசிம்' மற்றொன்று. மலேசியாவில் உறவினர் உள்ள குடும்பங்களில் 'மூசிம் டுரியான்' என்ற தொடரைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் துரியன் பழம் ரம்புட்டானோடும் மங்குஸ்தானோடும் குற்றாலத்துக் கடைகளில் விற்பனைக்கு வருவதும் நம் சீசனில்தான்!

குற்றாலத்துச் சீசன் மவ்ஸிமின் கொடையேயாகும். ஜூன் முதல் வாரத்தையொட்டிக் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. மேகங்கள் பெரும்பகுதி நீரை மலைக்கு மேற்கே பொழிந்துவிடுகின்றன. எஞ்சிய மேகமும் குளிர்காற்றும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இப்பக்கம் நுழைந்து தென்காசியில் சாரலாய்த் தூறுகின்றன. மலையுச்சியில் பெய்த மழை பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் பழைய குற்றால அருவியாகவும் இறங்குகிறது.

ஆனால் ஒரே சீசன் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. வெளியூரிலிருந்து வருவோருக்கு அது குளியல், இரண்டு நாள் ஓய்வு. விடுதி நடத்துவோருக்கு அறை வாடகை உயரும் காலம். பழக்கடை, நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடை, பரோட்டாக் கடை வைத்திருப்போருக்கும், ஆட்டோ ஓட்டுவோருக்கும் அந்த மூன்று மாத வருமானம்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வாங்கிய கடனின் தவணை, மகளின் நிக்காஹ் செலவு.

சிற்றாற்றுப் பாசன விவசாயிக்கோ அது கார் சாகுபடிக் காலம். அருவியில் நம் தலையில் விழுந்த அதே நீர் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, வழியிலுள்ள வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. விதைப்பு என்னும் பழம்பொருளில் 'சீசன்' இன்றும் வாழ்வது இந்த உழவரிடத்தில்தான். அருவிகளில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் பயன்படுத்தக் கூடாது என்று தடை இருப்பதன் நியாயமும் இதனால் விளங்கும். ஒருவருடைய குளியல் நீர், கீழே இன்னொருவருடைய பாசன நீர்.

சீசன் என்பது எழுதிக் கொடுத்த உறுதிப்பத்திரமும் அன்று. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொரோனா காரணமாகச் சீசன் மாதங்களில் அருவிகளில் குளிக்க அனுமதி இல்லை. தண்ணீர் விழுந்தது, சாரல் அடித்தது, வருவோர் இல்லை. அம்மாதங்களை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை இவ்வட்டாரத்தார் அறிவர். 2024 மே 17 அன்றோ, சீசன் தொடங்கும் முன்னரே பெய்த கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. 'இது சீசன் இல்லையே, என்ன ஆபத்து வந்துவிடும்?' என்று எண்ணி எச்சரிக்கையைப் புறக்கணிப்பது எத்துணைப் பெரிய பிழை! மலைமேல் பெய்யும் மழைக்கு நம் நாட்காட்டி தெரியாது.

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். ஏழு ஆண்டுச் செழிப்பின் விளைச்சலைக் கதிரோடு சேமித்து வைத்ததால், பின்வந்த ஏழு ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு நாடே பிழைத்தது. சீசன் வருமானத்தில் வாழும் இல்லங்களுக்கு இதைவிடச் சிறந்த வரவு-செலவுப் பாடம் வேறில்லை. மூன்று மாதத்தில் வருவது பன்னிரண்டு மாதத்துக்கும் உரியது. கை நிறையப் பணம் புழங்கும் ஆடி மாதத்திலேயே, மாசி மாதத்துக்கென ஒரு பங்கை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். பெரும்பாலான இல்லங்களில் இதைச் செய்யக்கூடிய கை தாய்மார்களின் கைதான்.

நம் வழிபாட்டு மாதங்கள் பிறைக் கணக்கில் அமைந்தவை. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ரமலான் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறது. 2014, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் அது குற்றாலச் சீசனிலேயே வந்தது. கோடையில் தாகத்தோடும், சாரலில் குளிர்ச்சியோடும் நோன்பு நோற்கிறோம். பருவம் மாறுகிறது, கடமை மாறுவதில்லை. ஆனால் நம்மில் சிலருக்குத் தொழுகையே சீசன் ஆகிவிடுவதுண்டு. ரமலானில் நிரம்பும் பள்ளிவாசல் ஷவ்வாலில் காலியாகிறதென்றால், அந்த மாதத்தை நாம் விதைப்புக் காலமாகக் கொள்ளவில்லை, சுற்றுலாக் காலமாகக் கொண்டுவிட்டோம் என்றே பொருள்.

வாசகர்களே! உங்கள் ஊரில் 'சீசன்' என்றால் எதைக் குறிக்கிறது? மீன்பிடித் தடை நீங்கும் நாளா, மாம்பழம் வரும் மாதமா, நெசவுக்குத் தேவை கூடும் பெருநாள் காலமா? எழுதியனுப்புங்கள். அக்காலத்தில் ஈட்டியதை உங்கள் வீட்டில் எவ்வாறு காத்து வைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், அது மற்றவர்களுக்கும் பயன்படும்.