ஐடியை விட்டுவிட்டு ஃபேக்டரியா?

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடக்கு-கிழக்குப் பாதை ரயிலின் முதல் பெட்டியில் ஏறினால், முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு குழந்தையைப் பெரும்பாலும் பார்க்கலாம். ஓட்டுநர் அறை இல்லாததால் கிடைத்த இடம் அது. 2003ல் இந்தப் பாதை திறக்கப்பட்ட நாள் முதல் ரயிலை ஓட்டுவது மென்பொருள்தான். “அப்போ யாருப்பா ஓட்டுறா?” என்று குழந்தை கேட்டால், அப்பா ஐடி துறையில் இருந்தாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். நமக்கு ஐடி என்றால் ஏசி அறை, லேப்டாப், கழுத்தில் ஒரு அடையாள அட்டை. ரயில், ஆலை, தண்ணீர்க் குழாய் எல்லாம் அந்தப் படத்தில் வருவதில்லை.

வேலை பற்றி வானொலியில் பேசும்போதெல்லாம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. பதினைந்து ஆண்டு நெட்வொர்க் பராமரிப்பில் இருந்தவர், நாற்பது வயதில் ஆலைத் தானியக்கத்துக்கு மாறலாமா? பெரும்பாலும் கேட்பவர் அவரல்ல, மனைவியோ அம்மாவோதான். “ஐடியை விட்டுவிட்டு ஃபேக்டரிக்கா?” என்ற அந்தக் குரலில் இருக்கும் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை இறங்குமுகம் என்று நான் நினைக்கவில்லை.

நெட்வொர்க் மேனேஜ்மென்ட் என்பது ஒரு வகையில் நலம் விசாரிக்கும் வேலை. ஆயிரக்கணக்கான கருவிகளிடம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை “நல்லா இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராத கருவியைத் தேடிப் போக வேண்டும். இந்த விசாரிப்புக்கென்று எஸ்என்எம்பி என்ற பொதுமொழி 1988ல் வந்தது. அதற்கான மென்பொருள் செய்து வளர்ந்த ஒரு நிறுவனம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று ஸோஹோ என்று அழைக்கப்படும் நிறுவனம், 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது இந்த வேலையைத்தான். சென்னையில் உட்கார்ந்து நெட்வொர்க் மென்பொருள் எழுதினார்கள். அவர்களுடைய வெப்என்எம்எஸ் பின்னாளில் செல்பேசிக் கோபுரத்தில் இருக்கும் ஜெனரேட்டரையும் பேட்டரியையும் கண்காணிக்கும் பக்கம் போனது. ரவுட்டரிடம் கேட்ட அதே கேள்வியை டீசல் இயந்திரத்திடம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தொழிலிலும் இது உண்டு. ஒலிபரப்பில் சில விநாடிகள் தொடர்ந்து சத்தமே இல்லையென்றால் எச்சரிக்கை கொடுக்க ஒரு கருவி இருக்கும். அறிவிப்பாளருக்கு அதைவிடப் பயங்கரமான மேலாளர் கிடையாது!

சரி, தானியக்கம்? ஆலையில் இயந்திரங்களை நடத்துவது பிஎல்சி என்ற சின்னக் கணினி. 1968ல் அமெரிக்கக் கார் ஆலைகளுக்காக உருவானது. உணரிகள் சொல்வதைப் படிக்கும், கணக்குப் போடும், மோட்டாருக்கும் வால்வுக்கும் கட்டளையிடும். மறுபடி படிக்கும். ஒரு விநாடிக்குள் இதைப் பல முறை செய்துவிடும். உங்கள் மின்னஞ்சல் இரண்டு விநாடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. ஓடும் ரயிலுக்கு அந்த இரண்டு விநாடி தகவல் வராவிட்டால் கதையே வேறு. அலுவலக நெட்வொர்க் “இன்னொரு தடவை முயன்று பார்ப்போம்” என்று நினைக்கும். ரயில் “எனக்குத் தெரியவில்லை, நின்றுவிடுகிறேன்” என்று அவசர பிரேக்கைப் போடும்.

2016ல் நம் வட்ட ரயில் பாதையில் நடந்தது அதுதான். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, பிறகு நவம்பரிலும், ரயில்கள் திடீர் திடீரென்று சமிக்ஞையை இழந்து பிரேக் போட்டு நின்றன. வேலைக்குப் போகும் நேரத்தில் அந்தப் பாதையில் மாட்டியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். ஒரே இடமும் இல்லை, ஒரே ரயிலும் இல்லை, ஒரே நேரமும் இல்லை. நவம்பர் 5, சனிக்கிழமை, அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் தரவு ஆய்வாளர்கள் டேனியல் சிம், லீ ஷாங்சியான், கிளாரன்ஸ் இங் மூவரும் சம்பவப் பட்டியலைக் கையில் எடுத்தார்கள். ரயில் பொறியாளர்கள் அல்ல அவர்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் நேரம், இடம், ரயில் போன திசை ஆகியவற்றோடு வரைபடத்தில் புள்ளியாக வைத்தார்கள். சிதறிக் கிடந்த புள்ளிகள் சாய்கோடுகளாகச் சேர்ந்தன. ஏதோ ஒன்று எதிர்த் திசையில் நகர்ந்துகொண்டே, தன்னைக் கடக்கும் ரயில்களைக் கெடுக்கிறது என்று தெரிந்தது.

அது இன்னொரு ரயில். பிவி46. அதில் பழுதான சமிக்ஞைக் கருவி ஒன்று அக்கம்பக்கத்து ரயில்களின் தொடர்பில் குறுக்கிட்டுக்கொண்டிருந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்த ரயிலுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அதனால் புகார்ப் பட்டியலில் அதன் பெயரே இல்லை. நிலையங்களின் காணொளிப் பதிவுகளைப் பார்த்து எந்த ரயில் என்று கண்டுபிடித்து, மறுநாள் சோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள்.

நெட்வொர்க் அறையில் இரவு ஷிப்டு பார்த்தவர்களுக்கு இது பழகிய ருசி. நூறு எச்சரிக்கை மணி அடிக்கும்போது, அடிக்காத ஒன்றைச் சந்தேகிப்பது அவர்களுடைய தினசரி வேலை. ஆலைக்கு மாறுபவர் கையோடு கொண்டுபோகும் சொத்து அது.

விட்டுவிட்டுப் போக வேண்டிய பழக்கங்களும் உண்டு. “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்பது அங்கே செல்லாது. ஓடும் கொதிகலனை யாரும் ரீஸ்டார்ட் செய்து பார்க்க மாட்டார்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்த அன்றே போட்டுவிடவும் முடியாது. எம்ஆர்டியில் கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே கிடைக்கும் சுமார் மூன்றரை மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், சோதிக்க வேண்டும், சரிவரவில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு வெளியேற வேண்டும். இருபது ஆண்டுப் பழைய கட்டுப்பாட்டுக் கருவி இன்னும் உழைத்துக்கொண்டிருந்தால் அங்கே அது கேலிக்குரியதல்ல, மரியாதைக்குரியது. ஐடிக்காரர்களுக்கு ஜீரணமாகக் கொஞ்சம் நாளாகும்.

இரண்டு உலகமும் தெரிந்தவர்களின் தேவை ஏன் கூடுகிறது என்பதற்கு அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் ஓர் உதாரணம். 2021 மே மாதம் மின்வழிக் கொள்ளையர்கள் பிடித்தது அந்நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளைத்தான். ஆனால் அது எதுவரை போயிருக்கிறது என்று தெரியாததால், நிறுவனமே எரிபொருள் குழாயை நிறுத்தியது. சில நாள்களுக்குக் கிழக்குக் கரைப் பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசை. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு இதற்கு முன்பே, 2019ல், ஆலை, மின்சாரம், போக்குவரத்து போன்ற இயக்கக் கட்டமைப்புகளுக்கென்று தனிப் பெருந்திட்டம் வெளியிட்டது. 2024ல் அதைப் புதுப்பித்தது.

மாற நினைப்பவருக்குக் கைக்காசு பெரிய தடையாக இருக்கத் தேவையில்லை. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி இருக்கிறது. பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது என் சந்தேகம். கடினமானது வேறு. இருபது பேருக்கு மேலாளராக இருந்தவர், துவாஸில் ஒரு ஆலையில் தன்னைவிடப் பத்து வயது இளைய டெக்னீஷியன் பக்கத்தில் நின்று “இது என்ன வால்வு?” என்று கேட்க வேண்டும். அந்த டெக்னீஷியன், திரையைப் பார்க்காமல் மோட்டாரின் சத்தத்தை வைத்தே “பேரிங் போகப்போகுது அண்ணே” என்பார். வகுப்பில் இது கிடைக்காது. முதல் ஆறு மாதம் அவரோடு சேர்ந்து தேநீர் குடிக்க நேரம் ஒதுக்குங்கள்.