அரிய தோல் நோய்: கட்டுத்துணிக்கும் உதவி தேவை

ஹைதராபாத்: லேசான உராய்விலேயே தோல் கொப்புளமாகி உரியும் ‘எபிடெர்மோலிசிஸ் புல்லோசா’ என்னும் மரபணு நோய்க்கு முழுமையான தீர்வு இன்னும் இல்லை. கடுமையான பாதிப்புடன் பிறக்கும் குழந்தைகளுக்குப் புண்களைக் கழுவி, ஒட்டாத கட்டுத்துணி சுற்றுவது அன்றாடத் தேவை.

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனை, அரிய நோய்களுக்கான மத்திய அரசின் உயர் சிறப்பு மையங்களுள் ஒன்று. 2021 தேசியக் கொள்கையின் கீழ், பட்டியலிடப்பட்ட நோய்களுக்கு இத்தகைய மையங்களில் ரூ.50 லட்சம் வரை சிகிச்சை உதவி உண்டு. ஆனால், இக்குழந்தைகளின் சிகிச்சையோ பெரும்பாலும் வீட்டிலேயே நடக்கிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளிலும் இந்நோய் தனியாக இடம்பெறவில்லை. தழும்பேறி விரல்கள் ஒட்டிக்கொண்ட பின், இயக்கக் குறைபாட்டின் பெயரிலேயே சான்று கோர முடியும். வலிக்குச் சான்று கிடைக்க, கை முடங்கும்வரை காத்திருக்க வேண்டுமா?