விளக்கெல்லாம் விண்மீனாக வேண்டுமா?

விண்மீன் உருண்டையானது. ஆயினும், அதை வரையச் சொன்னால் சிறு குழந்தையும் கூர்முனைகளுடன்தான் வரையும். அம்முனைகள் வானத்தில் இல்லை. நம் கண்ணின் வில்லையிலுள்ள நுண்ணிய வரிகளே அவற்றைக் காட்டுகின்றன என்பர் அறிஞர். கண் தானாகச் செய்யும் இவ்வேலையைக் காமிராவுக்குச் செய்துகொடுக்கும் கண்ணாடிதான் நட்சத்திர பில்டர்.

அதன் அமைப்பு எளியது. கண்ணாடியின்மேல் மெல்லிய கோடுகளை வரிசையாகக் கீறியிருப்பார்கள். ஒளி அக்கோடுகளிற் பட்டு, அவற்றுக்குச் செங்குத்தான திசையில் விலகிப் பரவும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தால் நான்கு கதிர்கள். மூன்று திசைகளில் இருந்தால் ஆறு. 1970களில் திரையிலும் தொலைக்காட்சியிலும் பாட்டு மேடைகள் இவ்வாறு மின்னியது பலர்க்கும் நினைவிருக்கும். இன்றோ கைப்பேசியிலேயே அந்த மின்னல் கிடைத்துவிடுகிறது.

கிடைப்பதாலேயே எங்கும் பூசலாமா என்பதுதான் கேள்வி. நம் நண்பர்கள் காமிராவும் கையுமாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். மகிழ்ச்சி! திவான் இராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த அங்காடி அது. தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து வாழ்ந்த தெரு அது. திருவனந்தபுரத்தில் தமிழ் கேட்க விரும்புவோர் கிழக்கே கோட்டையைத் தாண்டிச் சிறிது நடந்தாற் போதும். அத்தகைய தெருவின் படத்தில் எது முதலிடம் பெற வேண்டும்? மின்விளக்கா, மனிதனா?

நட்சத்திர பில்டரை நான் வெறுப்பவன் அல்லன். இருண்ட பின்னணியில் சிறிய, கூரிய ஒளி ஒன்றிரண்டு இருக்குமானால் அது அழகே செய்யும். மழை ஓய்ந்த இரவில் சந்தின் முனையில் எரியும் ஒற்றை விளக்கு, பாத்திரக் கடையில் குத்துவிளக்கின் விளிம்பில் தெறிக்கும் மினுக்கு ஆகியவை அதற்கு ஏற்ற பொருள்கள். ஆனால், பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை ஏற்றப்படும் இலட்சதீபத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சுடரும் நான்கு கதிர் நீட்டினால், கதிரோடு கதிர் பின்னிப் படம் முழுதும் கம்பி வலையாகிவிடும். அத்தனைக் கதிர்களும் ஒரே கோணத்தில் சாய்ந்து நிற்பதால், விளக்குகளின் இயல்பான அசைவும் மறைந்து போகும்.

"கறுப்பு வெள்ளைப் படமும் பொய்தானே? கலைஞனுக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பார்கள். உரிமை உண்டு. ஆனால் கறுப்பு வெள்ளை, முகத்தின் சுருக்கத்தை மறைப்பதில்லை. பல வேளைகளில் அதைக் கூர்மையாகவே காட்டுகிறது. நட்சத்திரக் கண்ணாடியோ படத்தின் கூர்மையைச் சற்றே மழுக்குவதோடு, பார்ப்பவன் கண்ணையும் விளக்கின்பால் இழுத்துக்கொள்கிறது. தோவாளைப் பூக்கூடையை இறக்கும் உழைப்பாளியின் முகம் அப்போது வெறும் நிழலாகிறது.

2022இல் வெளிவந்த ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் விண்மீன்களைச் சுற்றிப் பெரிய கதிர்கள் ஆறு தெரிந்தன. அவை விண்மீனின் உறுப்புகள் அல்ல. அக்கருவியின் அறுகோண ஆடிகளும் தாங்கு சட்டங்களும் உண்டாக்கியவை. கதிர் நமக்குக் கருவியைப் பற்றிச் சொல்கிறது. பொருளைப் பற்றிச் சொல்வதில்லை. இந்த உண்மை சாலைக்கும் பொருந்தும் அன்றோ?

இன்னொன்றும் நினைவிற்கொள்க. தெளிவாக எடுத்த படத்தில் கதிர்களைப் பின்னர் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடி மாட்டி எடுத்த படத்திலிருந்து அவற்றைப் பழுதின்றி நீக்குவது மிகக் கடினம். ஆகவே, பில்டர் மாட்டி ஒரு படம் எடுத்தால், அதே இடத்தில் அதைக் கழற்றியும் ஒன்று எடுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து இரண்டையும் காத்து வையுங்கள்.

கடைகள் மாறும், பலகைகள் மாறும், இன்று தராசு பிடிக்கும் முதியவர் நாளை இல்லாமற் போகலாம். அவரைத் தேடி வரும் பேரனுக்கு நாம் தர வேண்டியது அவருடைய முகம். அவர் தலைக்குமேல் எரிந்த மின்விளக்கை அவன் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்வான்.