ஈரத்துக்கு மூடி போடாதீர்கள்

ஓசூரில் கூரை ஒழுகினால் எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "மொட்டைமாடிக்கு வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடிங்க, சரியாயிடும்." சரியாகாது. ஈரம் குடித்த தளத்தின்மேல் அடிக்கும் பெயிண்ட் வீட்டை மேலும் கெடுக்கிறது.

தளத்துக்குள் இருப்பதைப் பாருங்கள். பழைய வீடுகளில் கான்கிரீட்டின்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து 3 அங்குலம் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஜல்லியின் நுண்துளைகளில் தங்கிய காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது. ஓட்டின் இணைப்பு விரிந்தால் அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். மழையில் ஒழுகும் வீடு கோடையில் புழுங்குவதற்கும் இதுவே காரணம்.

மழை விட்டு ஒரு வாரமான பிறகும் ஏன் சொட்டுகிறது? ஜல்லி குடித்த தண்ணீர் இன்னும் வடிகிறது. மேலே பெயிண்ட் அடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகும் வழி அடைபட்டு, கீழே இறங்கும் வழி மட்டுமே மிஞ்சும். கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அடித்த பெயிண்டும் கொப்புளித்து உரியும்.

"வெள்ளைப் பெயிண்ட் சூட்டைக் குறைக்குமே?" குறைக்கும், காய்ந்த தளத்தில். பனி கொட்டும் கனடாவிலும் சுவருக்குள் நனைந்த பஞ்சு வெப்பத்தடுப்பைப் பிய்த்தெடுத்து, மரச்சட்டத்தைக் காயவிட்ட பிறகே சுவரை மூடுவார்கள். இங்கும் முறை அதுதான். ஓட்டைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைப் பெயர்த்து, ஊறிய ஜல்லியை அள்ளிவிட்டுக் காயவிடுங்கள். பாலிதீன் தாளை ஓரம் ஒட்டி ஒருநாள் விட்டால், அடியில் வியர்க்காத தளமே காய்ந்த தளம். பிறகு புது ஜல்லி போட்டு, 5 அடிக்கு 1 அங்குலம் நீர்வாட்டம் கொடுத்து, கைப்பிடிச்சுவர் மூலையிலும் குழாய் வாயைச் சுற்றியும் உள்ள இடுக்குகளை அடைத்து, ஓடு பதியுங்கள். பெயிண்ட் கடைசி வேலை.

காலமும் முக்கியம். இரண்டு பருவமழையும் தொடும் ஊர் இது. மே மாதக் கோடைமழையும் சும்மா விடாது. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது மாடிக்கும் சேர்த்து அடிப்பது, தளம் அதிகம் நனைந்திருக்கும் நேரத்தில் அதை மூடுவதாகும். பிப்ரவரி, மார்ச்தான் இந்தப் பழுதுவேலைக்கு ஏற்ற மாதங்கள்.

சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவரால் மாடியைப் பெயர்க்க முடியாது. ஓதம் அடித்த அறையில் பூஞ்சையைச் சுவாசிப்பது அவருடைய குழந்தை. வாடகை வாங்குபவர் தளத்தைக் காயவைத்துத் தர வேண்டும். பெயிண்ட் டப்பாவைக் காட்டிக் கடமை முடிந்ததென்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை.