கன்னத்துக்கு ஊசியா, கத்தியா?

முகச் சுருக்கத்துக்கு 'பில்லர்' ஊசி. அமெரிக்கா 2003-ல் அனுமதித்த 'ஹயலூரானிக்' ஊசி, இன்று சேலம், நாமக்கல் வரை வந்துவிட்டது. ஆபரேஷனை விட இது மேலா?

நாமக்கல்காரருக்கு லாரிக் கணக்கில் சொன்னால் புரியும். காத்து இறங்கின டயருக்குக் காத்து அடிக்கலாம். தேய்ஞ்ச டயருக்கு அடிச்சு என்ன பிரயோசனம்? குழி விழுந்த கன்னத்துக்கு ஊசி போதும். ஆறு மாதம், ஒன்றரை வருஷம் தாங்கும். பிறகு மறுபடி செலவு! தொங்கிப்போன தோலுக்கோ ஆபரேஷன்தான். பல வருஷம் நிற்கும். ஆனால் மயக்க மருந்து, தழும்பு, வாரக்கணக்கில் ஓய்வு உண்டு.

'ஊசிதானே' என்று அலட்சியம் வேண்டாம். மருந்து ரத்தக் குழாயை அடைத்தால் பார்வையே போகலாம்! இந்த ஊசியைக் கரைக்க மாற்று மருந்து இருக்கிறது. அதைக் கையில் வைத்திருக்கும் தேர்ந்த டாக்டரிடம் மட்டும் போங்கள். பியூட்டி பார்லரில் முகத்தை நீட்டாதீர்கள். சுருக்கத்தோடு வாழலாம், கண் போனால்?